செக்குக் காளைக்கு ஒரு நாற்காலி

கலிலேயா மலையூர் ஒன்றில் எலியாசர் என்று ஒரு யூதப் பெரியவர் இருந்தார். இறந்தவரின் ஆத்மா மிருகத்துக்குள் புகுவதுண்டு, நீதிமான் ஒருவர் ஜெபம் சொல்லி அந்த மிருகத்தின் இறைச்சியைச் சாப்பிட்டால் ஆத்மாவுக்கு விடுதலை என்பது அங்குள்ள மறைஞானிகளின் நம்பிக்கை. அந்த நீதிமான் தாம்தான் என்று எலியாசர் முடிவுகட்டிவிட்டார். கண்ணில் பட்ட கொழுத்த மிருகத்துக்குள் எல்லாம் அவருக்கு ஒரு சொந்தக்காரர் தெரிந்தார்.

மகள் கல்யாணம் நெருங்கியது. ஒலிவ எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைக்கும் சிப்போராளின் ஒற்றைக் காளையை உற்றுப் பார்த்தார்.

"இதுக்குள்ள எங்க அப்பா இருக்கார். வியாழக்கிழமை வீட்டுக்கு ஓட்டிட்டு வா, கல்யாண விருந்துக்கு அறுத்து விடுதலை கொடுத்துடறேன்."

காளை போனால் செக்கு நின்றுவிடும். ஆனாலும் சிப்போராள் "சரிங்கய்யா" என்றாள்.

வியாழக்கிழமை முற்றம் நிறைய விருந்தாளிகள். அப்பா காலத்து நாற்காலியில் எலியாசர் சாய்ந்திருந்தார். சிப்போராள் காளையை நேரே அவர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எழுந்திருங்கய்யா, அப்பா வந்திருக்கார். அப்பா வந்தா மகன் எழுந்து நிக்கணும், அவர் நாற்காலியில உட்காரக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதானே பிரசங்கம் பண்ணீங்க? அப்பாவைக் கனம்பண்ணச் சொல்லித்தான் கட்டளை. அறுக்கச் சொல்லி எங்கேயும் இல்லையே?"

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எலியாசர் முகம் வெளுத்து, மாட்டின் நெற்றியை மறுபடி பார்த்தார்.

"ஆத்மா இப்பத்தான் விடுதலையாகிப் போச்சு."

"அப்ப இது வெறும் மாடுதானே?"

"வெறும் மாடுதான். ஓட்டிட்டுப் போ!"

தெருமுனை தாண்டிய பிறகுதான் சிப்போராளுக்கு மூச்சே வந்தது. காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் கடைவாசலில் உட்கார்ந்திருந்த எலியாசர், அந்தக் காளை எதிரே வருவதைக் கண்டதும், யாரும் சொல்லாமலே எழுந்து நின்றுவிட்டார்.