மூன்றாவது விசில்

"நான் சொன்னதுல என்ன தப்பு?"

இதைக் கேட்டுக்கொண்டேதான் குலசேகரன் காரில் ஏறினார்.

அது ஷமீமாவின் ஓட்டுநர் பயிற்சிக் கார். திருச்சியில் ஒரு மைதானத்தின் ஓரம், புங்கமர நிழலில் நின்றது. ஷமீமா வழக்கம்போல் இடப்பக்க இருக்கையில் இருந்தார். காலியாக இருந்தது ஓட்டுநர் இருக்கைதான். கார் ஓட்டவே தெரியாத குலசேகரன் அதில் போய் உட்கார்ந்தார்.

"மதியானம் சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்பாடு கிடக்கட்டும் டீச்சரம்மா. ஒரே ஒரு கருத்து சொன்னேன். அதுக்குக் குழுவை விட்டே போயிடுவாங்களா? அவ்வளவு மெல்லிய தோலை வச்சுக்கிட்டு எதுக்கு எழுத வரணும்?"

ஷமீமாவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, பயிற்சிக் காருக்கே உரியது. அதை மெல்ல மிதித்தார்.

வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

ஷமீமாவுக்கு முப்பத்தேழு வயது. குலசேகரனுக்கு அறுபத்திரண்டு. முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி, மலைமலையாக விடைத்தாள் திருத்தி ஓய்வு பெற்றவர். யார் யாருக்கு டீச்சர் என்று பார்ப்பவர்கள் குழம்புவார்கள்.

நடந்தது இதுதான். ஷமீமா இணையத்தில் 'முதல் வாசகர்' என்று ஒரு குழு நடத்துகிறார். மூன்று வருடம் முன்பு குலசேகரன் அதற்கு ஒரு கதை அனுப்பினார். "நாலு பக்கத்துல ஒரே ஒரு இடத்துலதான் நீங்க இருக்கீங்க சார். மத்த இடத்துல எல்லாம் உங்க அகராதிதான் இருக்கு" என்று ஷமீமா எழுதினார். குலசேகரனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் போன் போட்டு, "டீச்சரம்மா" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான்.

குழுவில் விதிகள் கொஞ்சம்தான். சனிக்கிழமை ஒரு கதை வரும். 'அருமை', 'சூப்பர்' எல்லாம் எழுதக் கூடாது. எந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போனது என்று வாசகர் சொல்ல வேண்டும். எழுதினவர் மறு ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. போட்ட கருத்தை அழிக்கவும் முடியாது.

போன வாரக் கதையை எழுதியவர் சவரிமுத்து. மணப்பாறைக்காரர். குழுவில் அது அவருடைய முதல் கதை.

கதையில் ஒரு வீடு. மனைவி குக்கரில் பருப்பு வைக்கிறார். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைக்குப் போகிறார். இரண்டு விசில் வந்துவிட்டது. அடுப்படி ஜன்னல் வழியாக, மனைவி துணியோடு கீழே விழுவதைக் கணவர் பார்க்கிறார். அப்படியே நிற்கிறார். மூன்றாவது விசில் வருகிறது. அடுப்பை அணைக்கிறார். பிறகுதான் ஓடுகிறார். மனைவி இறந்துகிடக்கிறார்.

குலசேகரன் எழுதிய கருத்து இது:

'நடை எளிமை. கொடிக்கயிறு வரும் இடம் நன்று. ஆனால் மனைவி விழுவதைப் பார்த்த பிறகும் கணவர் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் கதை உடைகிறது. எந்த மனிதனும் இப்படிச் செய்ய மாட்டான்.'

அதற்கு நாற்பத்து மூன்று விருப்பக்குறி விழுந்தது. குலசேகரன் மணிக்கொரு தரம் எண்ணிப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் வாய்ப்பூட்டு திறந்தது. சவரிமுத்து, 'அனைவருக்கும் நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதானே எழுதினேன்?" என்றார் குலசேகரன். "நம்பிக்கை எங்க விட்டுப்போச்சுன்னு சொல்லச் சொன்னீங்க. சொன்னேன். நாற்பத்து மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க."

ஷமீமா மறுபடி பிரேக்கை மிதித்தார்.

"எதுக்கு டீச்சரம்மா சும்மா சும்மா அதை மிதிக்கிறீங்க?"

"பழக்கம் சார்." காலை எடுத்துக்கொண்டார். "அது கதை இல்ல. அவரோட வீடு."

குலசேகரனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"லூர்துன்னு பேரு. இறந்து ஒன்றரை வருஷம் ஆச்சாம்" என்றார் ஷமீமா. "எனக்கும் நேத்துதான் தெரியும். போன் பண்ணிப் பேசினேன்."

மைதானத்தில் யாரோ ஸ்கூட்டி ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள். குலசேகரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கூசியது. 'எந்த மனிதனும்' என்று எழுதும்போது எவ்வளவு ருசியாக இருந்தது என்பது நினைவுக்கு வந்து இன்னும் கூசியது.

"எனக்குத் தெரியாதே" என்றார்.

"தெரியாதுதான்."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

"சரி."

"மன்னிப்பு கேட்டு ஒரு வரி அனுப்பிடட்டுமா?"

"வேண்டாம் சார். நீங்க மன்னிப்பு கேட்டா, அவர்தான் உட்கார்ந்து உங்களைத் தேத்தணும்."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

"மணப்பாறைக்குப் போங்க. அந்தக் கருத்தை அவர் முகத்தைப் பார்த்து வாசிச்சுட்டு வாங்க. ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

குலசேகரன் திரும்பிப் பார்த்தார். விளையாடுகிறாரோ என்று நினைத்தார். ஷமீமாவின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"கொடுமை டீச்சரம்மா இது."

"எழுதும்போது இல்லாத கொடுமை, வாசிக்கும்போது எங்கேர்ந்து வந்துச்சு?"

குலசேகரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"அவர்கிட்டயும் கேட்டுட்டேன்" என்றார் ஷமீமா. "வியாழக்கிழமை வரச் சொல்றார். சாப்பிட்டுட்டுத்தான் போகணுமாம்."

*

வியாழக்கிழமை வந்தது. போகாமல் இருக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று குலசேகரன் காலையெல்லாம் தேடினார். லேசாகத் தலைவலிகூட வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் பதினொரு மணி பஸ்ஸில் ஏறினார்.

வழியெல்லாம் கருத்தை மனசுக்குள் வாசித்துப் பார்த்தார். மெதுவாக வாசித்தால் நன்றாக இருக்குமா? வேகமாக வாசித்துவிட்டால் வலிக்காதா? 'மனிதனும்' என்பதில் குரலைத் தாழ்த்தலாமா? எப்படி வாசித்தாலும் அது அதுவாகவே இருந்தது.

சவரிமுத்து வாசலிலேயே நின்றார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஒல்லியான ஆள், சலவைச் சட்டை. விருந்தாளிக்காகப் போட்டது என்று மடிப்பிலேயே தெரிந்தது.

"வாங்க சார். வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நேர் எதிரே அடுப்படி. கதவு இல்லை. அடுப்பில் ஒரு குக்கர் இருந்தது.

குலசேகரன் அதைப் பார்த்ததை சவரிமுத்து பார்த்துவிட்டார்.

"அவ போனதுக்கப்புறம் அதை எடுக்கறதே இல்ல சார். பானையில சோத்தை வடிச்சு, ஏதாவது துவையல் அரைச்சுக்குவேன். இன்னைக்கு நீங்க வர்றீங்க. சாம்பார் இல்லாம எப்படி? அதான் பருப்பு போட்டுட்டேன்."

"எனக்காக எதுக்கு இந்தச் சிரமம்?"

"சிரமம் ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு உதவி மட்டும் நீங்க பண்ணணும். விசில் எண்ணற வேலை என்னால ஆகாது. சத்தம் கேட்டாலே ஒரு மாதிரி ஆயிடும். நீங்க எண்ணிக்குங்க. மூணு வந்ததும் போய் அணைச்சிடுங்க."

"சரிங்க" என்றார் குலசேகரன். வேறு என்ன சொல்வது?

இருவரும் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார், ஆபீசர் அறையில் கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல.

"வாசிங்க சார்."

"சவரிமுத்து சார், இது வேண்டாமே. டீச்சரம்மா ஏதோ சொல்லிட்டாங்க. நான் வேணும்னா..."

"எனக்கு வேணும் சார்."

குலசேகரன் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டர் சொன்னாரு, விழுந்தப்பவே உயிர் இல்ல, நீங்க பறந்து போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு. பிள்ளைங்க, மச்சினன், பாதர், எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு. ஏன்னா அவங்க யாருக்கும் விசில் கதை தெரியாது. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கதைன்னு போட்டா சொல்லிடலாம்னு தோணுச்சு, போட்டேன். அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் அந்த இடத்துல விரலை வச்சீங்க."

"நான் அதைக் கதைன்னு நினைச்சுதான்..."

"அதனாலதான் உண்மையைச் சொன்னீங்க. வாசிங்க."

குலசேகரன் கைபேசியை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நடை எளிமை" என்று தொடங்கினார்.

முதல் விசில் வந்தது.

சவரிமுத்துவின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது. கையை முழங்கால்மேலிருந்து எடுக்கவில்லை.

"ஒண்ணு" என்றார் குலசேகரன், அவருக்குச் சொல்வதுபோலவும் தனக்குச் சொல்வதுபோலவும்.

"ம். மேல வாசிங்க."

"கொடிக்கயிறு வரும் இடம் நன்று."

"அந்தக் கயிறு நான் கட்டினது" என்றார் சவரிமுத்து. "லைன் கம்பி மாதிரி இழுத்துக் கட்டியிருக்கீங்கன்னு சிரிப்பா. எட்டலைன்னு நுனிக்கால்ல நிப்பா. கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டுங்கன்னு எத்தனை தடவை சொன்னா. செய்யல."

குலசேகரன் கைபேசியில் விட்ட இடத்தைத் தேடி எடுத்தார்.

"ஆனால் மனைவி விழுவதைப் பார்த்த பிறகும்..."

இரண்டாவது விசில்.

சவரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"...கணவர் மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் கதை உடைகிறது."

சவரிமுத்து அழத் தொடங்கினார். முதலில் சத்தமே இல்லை. பிறகு அந்த ஒல்லி உடம்பு முழுக்கக் குலுங்கியது. நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, சலவைச் சட்டையின் முன்பக்கத்தை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒன்றரை வருடத்து அழுகை.

"லூர்து" என்றார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

குலசேகரன் எழுந்துவிட்டார். ஆனால் நகரவில்லை. கைபேசி ஒரு கையில், கழற்றிய கண்ணாடி ஒரு கையில். தரையில் ஒரு மனிதர் உடைந்துகொண்டிருந்தார். இரண்டடி தூரம். குனிந்தால் தோளைத் தொட்டுவிடலாம்.

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்றாவது விசில் வந்தது.

குலசேகரன் விறுவிறுவென்று அடுப்படிக்குப் போனார். குமிழைத் திருகினார். நெருப்பு அணைந்துவிட்டதா என்று குனிந்துகூடப் பார்த்தார். பிறகுதான் திரும்பி ஓடிவந்து, சவரிமுத்துவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தார்.

பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

அடுப்படியில் குக்கர் மெல்லச் சீறி அடங்கியது. குலசேகரன் அதைத் திரும்பிப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு வரி இருக்கே சார்" என்றார். "எனக்கு மனப்பாடம்தான். இருந்தாலும் நீங்க வாசிக்கணும்."

குலசேகரன் கைபேசியைப் பார்த்தார். அந்த வரி அங்கேயேதான் இருந்தது, அதன் கீழே நாற்பத்து மூன்று பேரும் இருந்தார்கள். கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"சவரிமுத்து சார்."

"சொல்லுங்க."

"நீங்க கீழ விழுந்து அழறீங்க. நான் மூணாவது விசிலுக்காக நின்னுக்கிட்டு இருந்தேன்."