செந்நாய்ப் படையும் மூன்றாவது கூடும்

கொன்றைக்காட்டுக் குளத்தில் காலை வேளை என்றால் ஒரே கூட்டம்தான். அன்றும் மான்கள், முயல்கள், மயில்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கரையோரப் புற்றின்மேல் உடும்பு நாச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

தொப்!

கூட்டத்தின் நடுவில் ஏதோ வந்து விழுந்தது. பார்த்தால் கதண்டுக் கூடு! குளவிகளிலேயே பெரியதும் பொல்லாததும் கதண்டுதான். கூடு உடைந்ததும் நூற்றுக்கணக்கான கதண்டுகள் ரீங்காரமிட்டுக் கிளம்பின.

"ஐயோ! ஓடுங்க!"

மிதிபட்டவை பாதி, கொட்டுப்பட்டவை பாதி. ஒரு முயல் அங்கேயே செத்துப்போனது. நாச்சி புற்றுக்குள் புகுந்து தப்பித்தது. ஆனால் அந்த அலறல் அதன் காதை விட்டு நீங்கவில்லை.

காட்டின் காவலுக்கு ஒரு செந்நாய்ப் படை இருந்தது. அதன் தலைவன் செங்கோடன். நல்ல வீரன், நல்ல ஓட்டக்காரன். பேச்சும் கொஞ்சம் அதிகம்.

"கதண்டுக் கூட்டைத் தொடுற தைரியம் யாருக்கு உண்டு? கரடிக்கு! அதுக்குத்தான் அடர்ந்த முடி!" என்றான் செங்கோடன். "எல்லாக் கரடியையும் பிடிச்சு உள்ளே போடு! எல்லா வழியையும் அடை! ஒருத்தரும் வளையை விட்டு வெளியே வரக் கூடாது!"

பதினோரு கரடிகளைப் பிடித்துப் பாறைக் குகையில் அடைத்தார்கள். வழிக்கு வழி செந்நாய்கள் நின்றன. மண்ணை முகர்ந்தன. போகிற வருகிற எல்லாரையும் நிறுத்திக் கேள்வி கேட்டன.

கரடியெல்லாம் குகைக்குள்ளே இருக்க, ஐந்தாம் நாள் மறுபடியும் ஒரு கூடு விழுந்தது! இந்த முறை ஒரு மிளா மான் கன்றுக்கு ஒரு கண் போனது.

காடே நடுங்கியது. தண்ணீர் குடிக்கக்கூட யாரும் குளத்துப் பக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஆள் அகப்பட்டான். சில்லான் என்ற குரங்கு! உடம்பெல்லாம் காய்ந்த சேறு. குளத்தை விட்டு எல்லாரையும் விரட்டிவிட்டால் கரையிலிருக்கும் நாவல் மரங்கள் தனக்கே என்று கணக்குப் போட்டதாக அவனே உளறிவிட்டான்.

காடு முழுக்கக் கொண்டாட்டம். செங்கோடன் கழுத்தில் மாலைக்கு மேல் மாலை. அன்றிலிருந்து மூன்றாம் நாள் குளத்தங்கரை ஆலமரத்தடியில் வெற்றி விருந்து என்று அறிவித்தார்கள்.

காட்டை ஆண்ட யானைத் தலைவி மட்டும் நாச்சியைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நாச்சி, இந்த ஒன்பது நாளும் படை என்ன பண்ணிச்சு, எது சரி, எது தப்புன்னு பார்த்துச் சொல்லு. நீ ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டே. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

நாச்சி தயங்கியது. மாலை போட்டுக்கொண்டு நிற்பவனிடம் போய்த் தப்பு எங்கே என்று கேட்பதா? ஆனாலும் அந்த அலறல் நினைவுக்கு வந்தது. "சரிங்கம்மா" என்று கிளம்பிவிட்டது.

செங்கோடன் அதைக் கேட்டதும் மாலையோடு துள்ளினான்.

"ஆளைத்தான் பிடிச்சாச்சே! இன்னும் என்ன விசாரணை?"

"எப்படிப் பிடிச்சீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"எப்படியா? வியூகம்! தெற்கே ஒரு அணி, வடக்கே ஒரு அணி, நடுவுலே பொறி! அவனா வந்து விழுந்தான்!"

நாச்சி நேரே தெற்கு அணிக்குப் போனது. சில்லானைப் பிடித்த செந்நாய் அங்கே காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது.

"எப்படிப்பா பிடிச்சே?"

"தலைவர்கிட்டே சொல்ல மாட்டீங்களே?"

"நடந்ததைச் சொல்லு."

"நான் அசந்து தூங்கிட்டேன், அக்கா. அவனுக்குச் சேறு காய்ஞ்சு அரிப்பு எடுத்திருக்கு. கிளையிலே உட்கார்ந்து ரெண்டு கையாலயும் சொறிஞ்சிருக்கான். பிடி விட்டுப்போச்சு. நேரா என் மேலே வந்து விழுந்தான்!"

நாச்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வி கேட்டது.

"ஒன்பது நாளும் மரத்து மேலே யாராவது பார்த்தீங்களா?"

செந்நாய் விழித்தது. "மேலேயா? எங்களுக்கு முகர்ந்துதானே அக்கா பழக்கம்!"

அடுத்து நாச்சி காவல் சாவடிக்குப் போனது. அங்கே ஒரு கல்லின் அடியில் இலை இலையாகக் குவிந்து கிடந்தது. காட்டுவாசிகள் கொடுத்த தகவல்கள். ஒன்றைக்கூட யாரும் பிரிக்கவில்லை. நாச்சி உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தது. பாதிக்குமேல் வெறும் வம்பு. பக்கத்து வளை எலி இருமுகிறது என்றுகூட ஒரு புகார் இருந்தது. அடியிலிருந்து நாலாவது இலை மீன்கொத்தி கொடுத்தது.

'உடம்பெல்லாம் சேறு பூசிய குரங்கு ஒன்று ஓடைக்கரை மரங்களில் பதுங்கிப் போகிறது.'

முதல் நாள் கொடுத்த தகவல்!

நாச்சி மீன்கொத்தியைத் தேடிப் பிடித்தது.

"நேரிலேயே வந்து சொன்னேனே!" என்று படபடத்தது மீன்கொத்தி. "'எழுதிக் கொடுத்துட்டுப் போ'ன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். 'வரிசையிலே வை'ன்னாங்க. வச்சேன். அதை அன்னைக்கே பார்த்திருந்தா அந்தக் கன்னுக்குக் கண்ணு போயிருக்காது!"

 நாச்சி இலையைப் பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டது.

கடைசியாக, விடுதலையாகி வந்திருந்த கரடிகளின் புதருக்குப் போனது. பத்துக் கரடிகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. இருளாயி என்ற தாய்க்கரடி மட்டும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு குட்டிகள் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தன. அம்மா குகைக்குள் இருந்த ஒன்பது நாளும் குட்டிகள் வெளியே கிடந்திருக்கின்றன. விலா எலும்பு தெரிந்தது.

"இப்போ எதுக்கு வந்தே? இன்னும் ஒன்பது நாளா?"

"இல்லம்மா. உங்களை உள்ளே போட்டது தப்புன்னு எழுதப் போறேன். அதுக்கு முன்னே உங்க வாயாலே கேட்கணும்."

 இருளாயி பெருமூச்சு விட்டாள்.

"எங்க முடி கதண்டுக்குக் காணாது. கண்ணு, மூக்கு, உதடெல்லாம் கொட்டிப் பிடுங்கிடும். தேனெடுக்கப் போறப்போ கதண்டு இருந்தா நாங்க உடம்பு, மூஞ்சி எல்லாம் சேறு பூசிக்குவோம். இதை யாராவது எங்ககிட்டே கேட்டிருந்தா, சேத்தோட திரியறவனைத் தேடுங்கன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்க ஆளுங்க எங்ககிட்டே ஒரே கேள்விதான் கேட்டாங்க. 'ஒத்துக்கறியா, இல்லையா?'"

நாச்சி தலையைக் குனிந்துகொண்டது.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றாள் இருளாயி. "சரிவுல இருக்கிற இலவ மரத்துல மூணு கூடு இருந்துச்சு. நேத்து பார்த்தேன். மூணுமே இல்ல."

நாச்சிக்கு முதுகுச் செதில் சிலிர்த்தது.

"விழுந்தது ரெண்டுதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

நாச்சி ஓட்டமாக ஓடிச் சில்லானை அடைத்துவைத்த பொந்துக்கு வந்தது. அவனே உளறியதற்குமேல் அவனிடம் யாருமே எதுவும் விசாரிக்கவில்லை. எல்லாரும் மாலை கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். சில்லான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"வா நாச்சி! விருந்து நாளைக்குத்தானே? ஆலமரத்தடியிலேதானே? எல்லாரும் வருவாங்கல்ல?"

அதற்குமேல் நாச்சி நிற்கவில்லை.

செங்கோடன் ஆலமரத்தடியில் நின்று விருந்துக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். நாச்சி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னது. அவன் முகம் கறுத்தது.

"என் வெற்றியைக் கெடுக்கணும்னே வந்திருக்கே! ஒரு கரடி சொன்னதை நம்பி விருந்தை நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்த வேணாம். ஒரே ஒரு தடவை மேலே பாருங்க!"

செங்கோடன் சலிப்போடு அண்ணாந்து பார்த்தான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உச்சியில், விழுதுகளுக்கு நடுவே, தேக்கிலையால் வாய் அடைத்துக் கொடியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு பெரிய உருண்டை தெரிந்தது. இலை காய்ந்து ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக ஒரு கதண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

செங்கோடன் பின்வாங்கினான். நாளை இந்த நிழலில்தான் காட்டிலுள்ள குஞ்சும் குட்டியும் மொத்தமும் உட்காரப் போகிறது.

"யாரு... யாரு இதை இறக்குவா?"

"இறக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான் இருக்காங்க" என்றது நாச்சி.

செங்கோடன் மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கரடிகளின் புதருக்கு நடந்தான்.  அவனைக் கண்டதும் குட்டிகள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. அதைப் பார்த்ததும் அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது.

"இருளாயிம்மா, ஒரு குத்தமும் பண்ணாதவங்களை அடைச்சு வச்சேன். மன்னிச்சுடுங்க. உங்க உதவி வேணும்."

"ஒன்பது நாள் என் பிள்ளைங்க பட்டினி கிடந்துச்சே. அப்போ உங்களுக்கு எங்க நெனப்பு வரலியா?"

"வரல. அதுதான் என் தப்பு."

இருளாயி அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு குட்டிகளைப் பார்த்தாள். "நாளைக்கு அங்கே வரப்போறதும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள்.

குளத்துச் சேற்றில் புரண்டாள். கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. மெல்ல, மெல்ல மரமேறினாள். கரையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உச்சிக்குப் போனதும் கிழிசலைச் சேற்றால் அடைத்தாள். கொடியைக் கடித்து, கூட்டைக் கவ்விக்கொண்டு இறங்கினாள். மூக்கில் மூன்று கொட்டு. வாயைத் திறக்கவே இல்லை. தூரத்துச் சரிவுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

அவள் திரும்பியபோது ஆரவாரம் அடங்க நெடுநேரம் ஆனது.

மறுநாள் விருந்து நடந்தது. சாப்பாட்டுக்கு முன் யானைத் தலைவி நாச்சியின் அறிக்கையைக் கேட்டாள். நாச்சி எழுவதற்குள் செங்கோடன் எழுந்துவிட்டான்.

"குடு, நானே வாசிக்கிறேன்."

மேலே பார்க்காததை வாசித்தான். மீன்கொத்தியின் இலை கல்லுக்கடியில் கிடந்ததை வாசித்தான். அப்போது மிளாக் கன்று இருந்த பக்கம் பார்த்தான்.  கரடிகளை அடைத்ததையும், ஆள் அகப்பட்டது தற்செயல் என்பதையும், பிடித்தபின் விசாரிக்காமல் விட்டதையும் ஒன்றையும் விழுங்காமல் வாசித்தான். முதல் நாள் கதண்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு முயல்களை இழுத்துப் போட்ட நாலு செந்நாய்களின் பேரையும் நாச்சி எழுதியிருந்தது. அதை வாசித்தபோது அந்த நாலும் வெட்கத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டன.

"இன்னையிலிருந்து பறவைங்களும் படையிலே சேரும். வர்ற தகவலை அன்னன்னைக்கே பிரிச்சுப் பார்க்கணும். ஆதாரம் இல்லாம யாரையும் அடைக்கக் கூடாது" என்று முடித்தான் செங்கோடன்.

இருளாயி கூட்டத்தின் ஓரத்தில் வீங்கிய மூக்கோடு உட்கார்ந்திருந்தாள். செங்கோடன் போய் முன்வரிசைக்கு அழைத்தான்.

"மன்னிப்புக் கேட்டீங்க, சரி. எனக்கு மறக்க நாளாகும்" என்று அவள் அங்கேயே இருந்துகொண்டாள். அவன் வற்புறுத்தவில்லை. தன் பங்குப் பழங்களைக் குட்டிகளுக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தான். சின்னக் குட்டி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் தலையசைத்தாள். அதற்குப் பிறகுதான் அது ஒரு பழத்தை எடுத்தது.

வெற்றி கிடைத்த பிறகும் தன் தவறுகளைத் தேடிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறவரே அடுத்து வரும் ஆபத்திலிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற முடியும்.