காத்து நின்ற பேய்

"அம்மணி, அந்தப் பேயைப் பார்த்து எனக்குப் பயமே வரலீங்க. இது என்ற குத்தமா, பேயோட குத்தமா?" என்று சீடர் கேட்டார்.

குருவின் வாயில் முறுக்கு. அதை நிதானமாகக் கடித்து முடித்துவிட்டு, "பேயையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்கண்ணா" என்றாள்.

இங்கே சீடர் மூத்தவர், குரு இளையவள். படிக்கிற விஷயம் வீடியோ கேம் என்பதால் இப்படித்தான் அமையும்.

சீடர் சென்னியப்பன் கோயமுத்தூரில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் சினிமா விமர்சனம் எழுதியவர். அடிக்கிற அடியைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் அவருக்குச் 'சுத்தியல்' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பிறகு நாளிதழை மூடிவிட்டார்கள். சுத்தியல் இருந்தது, அடிக்கத்தான் ஆணி இல்லை.

குரு மேகலா அவருடைய மகள் வயதுக்காரி. பீளமேட்டில் ஒரு மாடியில் உட்கார்ந்து, இணையத்தில் கேம் விமர்சனம் வெளியிடுகிறாள். அவள் நன்றாக இல்லை என்று சொன்ன கேமைத் தமிழ்ப் பையன்கள் இரவலாகக்கூட வாங்க மாட்டார்கள். சென்னியப்பன் ஒருநாள் படியேறி வந்து, "எனக்கும் சொல்லிக்கொடுங்க அம்மணி" என்றார். அவள் அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள். முதல் சில நாட்கள் அவருடைய வீரர்கள் எல்லோரும் சுவரில் முட்டிக்கொண்டே நின்றார்கள்.

இதுவரை அவர் எழுதிக் கொடுத்த இரண்டு விமர்சனங்களையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அருமையா எழுதியிருக்கீங்கண்ணா. ஆனா விளையாடினது யாரு?" என்று கேட்டாள்.

இது மூன்றாவது. சாயங்காலம் வெளியாக வேண்டும். இதுவும் தேறாவிட்டால் மச்சினனின் ஜவுளிக் கடைக்குப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். அங்கே அவருக்கு ஒரு மேஜையும் ஒதுக்கியாகிவிட்டது. அந்த மேஜையை நினைத்தால்தான் அவருக்கு உண்மையில் பயமாக இருந்தது.

கேம் ஜப்பானிலிருந்து வந்தது. அணைத் தண்ணீரில் மூழ்கிப்போன ஒரு கிராமம். கோடையில் தண்ணீர் வற்றும்போது அங்கிருந்த பழைய தங்கும் விடுதி மட்டும் வெளியே தெரிகிறது. சிஹாரு என்ற பெண் காணாமல் போன அக்காவைத் தேடி அதற்குள் நுழைகிறாள். கையில் ஒரு காகித விளக்கு, அவ்வளவுதான். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. பேய் வந்தால் கண்ணை எடுக்காமல் அதன் முகத்தையே பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தால் அது தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடும். திரும்பி ஓடினால் வேறொரு மூலையில் போய் நிற்கும்.

"மத்தவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்த்தீங்களா?" என்று மேகலா கேட்டாள்.

"ஒண்ணு விடாம படிச்சுட்டனுங்க. ஒருத்தர் தூக்கமே வரலைங்கறாரு. இன்னொருத்தர் அந்தப் பொண்ணு அரிசி மூட்டை தூக்கிட்டு நடக்கற மாதிரி நடக்குதுங்கறாரு. அந்த மெதுவான நடைதான் கேமுக்கே உயிருன்னு ஒரு அம்மா எழுதியிருக்குது. கதவு திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்னு ஒருத்தர் நக்கல் பண்றாரு. யாரு சொல்றதுங்க சரி?"

"நீங்க சொல்றதை முதல்ல படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். நல்ல குரல். வெளிச்சம் நேர்த்தி, மர வேலைப்பாடு நேர்த்தி, மழை நேர்த்தி. "ஆனால் பேய்களுக்குப் பெயரும் இல்லை, கதையும் இல்லை. ஈரப் புடவையைக் கொடியில் காயப்போட்டதுபோல ஆங்காங்கே தொங்குகின்றன. பார்ப்பவருக்குப் பயம் வரவில்லை, துவைக்கிற நினைப்புத்தான் வருகிறது."

மேகலா விழுந்து விழுந்து சிரித்தாள். சென்னியப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

"முதல் பேய் எங்க வருதுங்கண்ணா?"

"குளியலறையிலங்க. மரத்தொட்டிக்குப் பக்கத்துல நிக்குது."

"எனக்குக் கொஞ்சம் காட்டுங்க."

அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். சிஹாரு தாழ்வாரத்தில் நடந்தாள். குளியலறைக் கதவைத் தள்ளினாள். உள்ளே தொட்டியோரத்தில் முதுகு காட்டி நின்ற ஒருத்தி மெல்லத் திரும்பினாள். ஒரு கையை நீட்டினாள்.

சென்னியப்பன் பட்டனை அழுத்தினார். எல்லாம் அப்படியே நின்றது. திரை சாம்பல் நிறமானது. அவர் போனை எடுத்துக் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"நிறுத்தி வெச்சுட்டு எழுதறனுங்க. கூந்தல் நல்லா வந்திருக்குது, கை விரல் கொஞ்சம் செயற்கை. தியேட்டர்ல இந்த வசதியே கிடையாதுங்க அம்மணி. இருட்டுல கோழி கிறுக்கற மாதிரி கிறுக்கி, வீட்டுக்குப் போனா எனக்கே புரியாது. இந்தத் தொழில்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே இந்தப் பட்டன்தான்."

"எழுதி முடிச்சதும்?"

"அந்தப் பொண்ணைத் திருப்பி ஓட விட்டுருவனுங்க. அடுத்த அறை பார்க்கோணுமில்ல."

"எல்லாப் பேய்க்கும் இப்படித்தானா?"

"ஒண்ணைக்கூட விட்டு வைக்கலீங்க" என்றார் பெருமையாக.

மேகலா ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்து, "காதர் பாய், ரெண்டு டீ" என்று குரல் கொடுத்தாள்.

கீழே டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய் தானே மேலே வந்தார். கண்ணாடி டம்ளரைத் துண்டால் பிடித்துத்தான் கொண்டுவர முடிந்தது. அவ்வளவு கொதி. வைத்துவிட்டு, திரையில் கை நீட்டி நின்றவளைப் பார்த்து, "இந்தம்மாவுக்கும் ஒண்ணு வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இந்த டீக்கு ஒரு விமர்சனம் சொல்லுங்கண்ணா" என்றாள் மேகலா.

அவர் ஒரு வாய் குடித்தார். உடனே அவள் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"எப்படி?"

"ஏலக்காய் வாசம் தெரியுதுங்க."

"எழுதிக்கோங்க."

அவர் எழுதினார். டம்ளர் திரும்பி வந்தது. இன்னொரு வாய். மறுபடி வாங்கிக்கொண்டாள்.

"இப்ப?"

"சர்க்கரை ஒரு மாத்துக் கூட."

"நல்ல வார்த்தை. எழுதிக்கோங்க. நிறத்தையும் விட்டுடாதீங்க."

இப்படியே போனது. சென்னியப்பன் நிறம் எழுதினார், நுரை எழுதினார், டம்ளரின் விளிம்பைக்கூட விடவில்லை. கடைசி வாயைக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"கடைசித் தீர்ப்பு?"

"ஆறிப்போச்சுங்க."

"அப்ப காதர் பாய்கிட்டச் சொல்லிரட்டுங்களா? டீ சூடே இல்லைன்னு?"

"அய்யய்யோ, வேண்டாமுங்க!" என்று அவர் பதறிவிட்டார். "பாவம், அந்த மனுஷன் கொதிக்கக் கொதிக்கத்தானே கொண்டாந்தாரு!"

மேகலா தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அதை அவள் ஒருமுறைகூடக் கீழே வைத்திருக்கவில்லை.

சென்னியப்பன் காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு டிவியைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னும் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் அவளும் ஆறித்தான் போயிருப்பாள்.

அவருக்குச் சுருக்கென்றது. போனை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "முதல்ல இருந்து வர்றனுங்க" என்றார்.

இந்த முறை தாழ்வாரத்திலேயே அவர் பேச்சு நின்றுவிட்டது. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே அது சொட்டியிருக்கத்தான் வேண்டும், அவர்தான் கேட்டதில்லை. சிஹாரு அடி மேல் அடி வைத்தாள். கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் சொட்டுகிற சத்தம் நின்றது.

"அம்மணி."

"இங்கதான் இருக்கறனுங்க."

"சும்மா கேட்டேன்."

கதவு மிக மெதுவாகத் திறந்தது. தொட்டியோரத்தில் நின்றவள் திரும்பினாள். கையை நீட்டினாள். சென்னியப்பனின் கட்டைவிரல் அந்தப் பட்டனைத் தேடிப் போனது. போய், அதன்மேல் நின்று, திரும்பி வந்துவிட்டது. அவள் ஓர் எட்டு வைத்தாள். இன்னோர் எட்டு. கன்ட்ரோலர் அவர் கைக்குள் துடித்தது. திரை முழுக்க அவள் முகம்.

சென்னியப்பன் போட்ட சத்தத்தில் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் ஒரு பக்கம் சாய்ந்தார். மாடிப்படியில் தடதடவென்று காதர் பாய் ஓடிவந்தார்.

"என்னாச்சு சார்? கரண்டு அடிச்சிருச்சா?"

"இல்லீங்க பாய், பேய்" என்றார் சென்னியப்பன் தரையிலிருந்தபடியே. கன்ட்ரோலரை மட்டும் விடவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை.

திரையில் இருந்தவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நீட்டிய கையை மடக்கித் தலை குனிந்து வணங்கினாள். "ஓகினு" என்றாள். "இந்த விடுதியில் வேலை செய்தவள். எல்லோரும் கிளம்பும்போது என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்." அவ்வளவுதான் சொன்னாள். மறைந்துவிட்டாள்.



"பாவம்" என்று சொல்லிவிட்டுக் காதர் பாய் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

சென்னியப்பன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். "அம்மணி, ஒண்ணு சொல்லட்டுங்களா. மொதல் தடவையும் எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. அதனாலதான் பட்டனை அமுக்கினேன். குறிப்பு எழுதறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"நடை?"

"என்னங்க?"

"அரிசி மூட்டைன்னு ஒருத்தர் சொன்னாரே."

அவர் யோசித்தார். "உள்ள போகறப்ப, அந்தப் பொண்ணு இன்னும் மெதுவாப் போனாத் தேவலைன்னு இருந்துச்சுங்க. ஓகினு போனதுக்கப்புறம் அதே தாழ்வாரத்துல திரும்பி வர்றப்ப பார்த்தா, இழுவைதான். சரி, அப்ப ரெண்டு பேரும் சொன்னது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு எழுதுவதற்கு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வெயில் தாழ்ந்தபோது வந்து நீட்டினார். மேகலா படித்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கிற இடம் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அந்த நடை எப்படி இருந்தது என்பது இருந்தது. ஓகினுவின் பெயரைச் சொல்லாமல், அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது மட்டும் இருந்தது. ஈரப் புடவை போயிருந்தது. அது நல்ல வரிதான், அவருக்கே மனசில்லாமல்தான் போயிருக்கும்.

"விளையாடினது யாருன்னு இப்பத் தெரியுதுங்கண்ணா" என்றாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

"ஆனா நாற்காலியைக் காணோமே."

"எந்த நாற்காலிங்க?"

"நீங்க விழுந்தீங்களே, அது. போட்ட சத்தத்தையும் காணோம். கட்டைவிரல் பட்டன்கிட்டப் போயிட்டுத் திரும்பி வந்துச்சே, அதையும் காணோம்."

சென்னியப்பன் நெளிந்தார். "எழுதினனுங்க. அப்புறம் அழிச்சுட்டேன்."

"ஏனுங்க?"

"எப்படீங்க போடறது? முப்பது வருஷமா சுத்தியல்னு பேரு. ஒவ்வொரு ஹீரோவும் எனக்குப் பயந்தான். ஐம்பத்தாறு வயசுல, பட்டப்பகல்ல, பொம்மைப் பேயைப் பார்த்துக் கத்திக் கீழ விழுந்தேன்னு எழுதினா ஊரே சிரிக்காதுங்களா? வெளிய வர்ற மொதல் விமர்சனமே சிரிப்பாய்ப் போச்சுன்னா, நாளைக்கே மச்சினன் வண்டி எடுத்துட்டு வந்துருவான். அது இல்லாமலே நல்லாத்தானுங்களே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. இப்படியே போடலாம். உங்க பேருல வர்றது, நீங்களே சொல்லுங்க."

"சிரிச்சாங்கன்னா?"

மேகலா வெளியிடும் பட்டன் இருந்த பக்கத்தைத் திறந்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"சிரிக்கட்டுமுங்கண்ணா. சிரிச்சுட்டு வாங்கி விளையாடுவாங்க. நீங்களும் அங்க கத்தி விழுந்தவருன்னு தெரிஞ்சா, அந்தத் தாழ்வாரத்துல அவங்க தனியாப் போக வேண்டியதில்லையே."