வைத்தியர் சாஸ்திரமும் வெற்று இலையும்

முன்னொரு காலத்தில், மதியத் தூக்கமும் ஒரு ராஜ்ய காரியம்தான் என்று நம்பிய மன்னர் ஒருவர் இருந்தார். அந்தத் தூக்கத்துக்கு எமனாக வந்தவை திருட்டு வழக்குகள். மன்னருக்குக் கண் செருகும் நேரம் பார்த்து எவனாவது கோழியைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்பான். ஒருநாள் கொட்டாவிக்கு நடுவே மன்னர் உத்தரவு போட்டார்: இனிமேல் திருடர்களைத் திருடுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

மந்திரிகள் தலையைச் சொறிந்தார்கள். அரண்மனை வைத்தியர் நாடிநாதர் மட்டும் எழுந்து தொண்டையைக் கனைத்தார். திருட்டு என்பது ரத்தத்தில் ஓடுகிறது, தகப்பன் திருடன் என்றால் பிள்ளையும் திருடன்தான், சந்தேகமிருந்தால் காது நீளத்தையும் புருவ இடைவெளியையும் நூல் பிடித்து அளந்துவிடலாம் என்று ஒரு நாழிகை விளக்கினார். மன்னர் பாதியைக் கேட்டார், மீதியைத் தூங்கினார், விழித்ததும் சம்மதித்தார்.

சபையில் சிரித்தது ஒரே ஆள், அரசவை விகடன் ஆண்டியப்பன். அவன் சிரிப்பு வைத்தியருக்கு நெடுநாளாகவே ஆகாது. முதல் திருடனைச் சிறையில் அடைக்கும் பெருமை ஆண்டியப்பனுக்கே போகட்டும் என்று அவர் மன்னர் காதில் போட்டுவைத்தார். அதுவும் உத்தரவாயிற்று.

அந்த முதல் திருடன், கடைத்தெருவில் பூட்டு செய்து விற்கும் வெள்ளைக்கண்ணு. அவன் செய்த குற்றம் எதுவுமில்லை. அவன் அப்பன் முப்பது வருஷத்துக்கு முன் இரண்டு கோழி திருடியிருந்தான், அவ்வளவுதான். ஊர்ச்சனம் வெளியூர் போவதே இவன் பூட்டை நம்பித்தான். வைத்தியர் ஆண்டியப்பனையும் கூட்டிக்கொண்டு போய் அவன் காதை அளந்தார். தொட்டிலில் கிடந்த ஆறு மாதப் பெண் பூவாயியின் காதையும் அளந்தார். குழந்தை நூலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“கவனித்தீரா? அரண்மனை நூல்,” என்றார் வைத்தியர். திருடர் பட்டியல் ஏட்டில் குழந்தையின் பெயரும் ஏறியது. வெள்ளிக்கிழமை அப்பனும் மகளும் சிறைக்குப் போக வேண்டும்.

வெள்ளைக்கண்ணு அழவில்லை. வைத்தியர் போனபிறகு ஆண்டியப்பனிடம் ஒன்றுதான் கேட்டான்.

“நான் உள்ளே போறேன் சாமி. இது பால் குடிக்கிற புள்ளை. இந்தக் கைக்கு எந்த ஆசாரி விலங்கு அடிப்பாரு?”

வாய்வரை வந்த வேடிக்கை ஆண்டியப்பனுக்குத் திரும்பிப் போய்விட்டது.

அதே வெள்ளிக்கிழமை நாடிநாதருக்குக் ‘குருதிக்கடல்’ என்று பட்டம் சூட்டி விருந்து வைப்பதாக ஏற்பாடு. ஆண்டியப்பன் மன்னர் முன் பணிந்து நின்றான். விருந்து முடிந்த கையோடு இருவரையும் தானே அடைத்துவிடுவதாகச் சொன்னான். அதற்குமுன், விருந்தை வைத்தியர் சாஸ்திரப்படியே நடத்தும் பொறுப்பைத் தனக்குத் தர வேண்டினான். சாஸ்திரம் இம்மி பிசகினால் அவனும் கூடவே சிறைக்குப் போகட்டும் என்றார் வைத்தியர். அவருக்கு உச்சி குளிர்ந்திருந்தது.

வெள்ளி மதியம் பந்தி கூடியது. மன்னர், பக்கத்தில் வைத்தியர், அப்புறம் மந்திரிகள். தலைவாழை இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தார்கள். அதன்பின் ஒன்றும் வரவில்லை. மன்னர் இலையைத் துடைத்தார். இன்னொரு தரமும் துடைத்தார். சமையற்கட்டிலிருந்து வாசனைகூட எட்டவில்லை. பந்தி முனையில் சலவை வேட்டியோடு ஒருவன் கைகட்டி நின்றான்.

“ஆண்டியப்பா, சோறு எங்கே?”

“பரிமாறியாகிவிட்டது, மன்னா.”

நின்றவனைக் காட்டினான். அரண்மனைச் சமையற்காரர் தில்லைநாயகத்தின் மகன் இவன், ஏழு தலைமுறையாகக் கரண்டி பிடித்த வம்சம். “காதை அளந்தேன், புருவத்தை அளந்தேன். புளிக்குழம்பு இவன் ரத்தத்திலேயே ஓடுகிறது. இவன் அடுப்பு வேறு மூட்ட வேண்டுமா? பிறந்தபோதே சமைத்துவிட்டான். தாங்கள் கூச்சப்படாமல் சாப்பிடலாம்.”

ஒரு மந்திரியின் வயிறு உறுமியது. வைத்தியர் பசி பொறுக்காதவர்.

“என்ன பிதற்றல் இது? சமையற்காரன் பிள்ளையாகப் பிறந்துவிட்டால் போதுமா? அரிசி களைய வேண்டாமா, உலை வைக்க வேண்டாமா? தன் கையால் சமைத்தால்தானே ஐயா சமையல்?”

சாமரம் வீசியவன் கைகூட நின்றுவிட்டது. சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வைத்தியர் குனிந்து இலை நரம்புகளை எண்ண ஆரம்பித்தார்.

மன்னருக்கு எதுவும் மெதுவாகத்தான் உறைக்கும். பசியில் கொஞ்சம் சீக்கிரமாகவே உறைத்தது.

“வைத்தியரே, வெள்ளைக்கண்ணு தன் கையால் எதைத் திருடினான்?”

“இதுவரை... எதுவுமில்லை, மன்னா.”

“அந்தக் குழந்தை?”

நூல் என்று சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார்.

மன்னர் சிரித்தார். வயிறு காலியாக இருந்ததால் சிரிப்பு நன்றாக முழங்கியது. சிறை வாசலில் காத்திருந்த அப்பனையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். திருடர் பட்டியல் ஏட்டை அடுப்பு மூட்டக் கொடுத்தார். பட்டம் என்னாயிற்று என்று வைத்தியர் மெல்லக் கேட்டதற்கு, “உம் தாத்தாவும் வைத்தியர்தானே? பட்டம் பிறக்கும்போதே கூட வந்திருக்கும், வீட்டில் தேடிப் பாரும்,” என்றார்.

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டார்.

“இது எனக்கா, என் பாட்டனுக்கா, மன்னா?” என்று அவன் கேட்கவும், மன்னருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

வெயில் சாயும் நேரத்தில் சோறு வந்தது. நாடிநாதர் மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தார். வைத்தவன் யார் மகன் என்று அவர் விசாரிக்கவில்லை.