அடுப்பில்லாத வெந்நீர்

கருவாட்டு வியாபாரி கென்சோவுக்கு மூக்கு நுனியில் கோபம். தலைச்சுமையாகக் கருவாடு விற்று மேலே வந்த ஆள். நல்ல சரக்கைப் பார்த்தால் முகத்தைச் சுளிக்க வேண்டும், பல்லைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்பது அவன் அடிபட்டுக் கற்ற பாடம். மனைவி ஒசேன் செத்த பிறகு கடையைப் பூட்டிவிட்டு, மியோரேன் என்ற பெண் துறவிக்குச் சீடனாகிப் பின்னால் நடந்தான். அவள் அவனைவிட இளையவள்.

அந்தக் குளிர்காலத்தில் மலைமேல் இருந்த வெந்நீர் ஊற்று விடுதிக்குப் போகலாம் என்று சொன்னவன் அவன்தான். ஏறும்போதே திட்டிக்கொண்டு ஏறினான்.

"இந்த ஏற்றத்துல மனுஷன் நடப்பானா?"

"குதிரைக்காரன் வரேன்னுதான் சொன்னான். நீங்க பேரம் பேசி விரட்டினீங்க," என்றாள் மியோரேன்.

விடுதிக்காரி தாக்கே வாசலில் மண்டியிட்டு வரவேற்றாள். பாய் விரித்த அறையில் உட்காரவைத்து, தேநீரும் தன் கையால் பிடித்த பயற்று உருண்டையும் கொண்டுவந்தாள்.

"இனிப்பு அளவா இருக்கா, ஐயா?"

கென்சோ தன் உருண்டையைத் தின்றான். மியோரேனின் தட்டில் இருந்ததையும் எடுத்துத் தின்றான்.

"ம்," என்றான்.

தாக்கே சற்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"என் பங்கும் போச்சு," என்றாள் மியோரேன். "சரி, குளிக்கப் போங்க."

அவன் எழவில்லை. மடியிலிருந்து ஒரு மரச்சீப்பை எடுத்துப் பாய்மேல் வைத்தான். ஒசேனுடையது.

"இவளை இங்கே கூட்டிவரேன்னு சொல்லியிருந்தேன், தாயே. எங்க வீட்டுல குளிக்கிற தொட்டிக்கு அடியில அடுப்பு. நான் தொட்டியில சுகமா உட்கார்ந்திருப்பேன். இவ சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லையில குந்தி விறகு தள்ளுவா. புகையில இருமிக்கிட்டே கேட்பா, 'தண்ணி பதமா இருக்கா?'ன்னு. தினமும் கேட்பா."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஆறிப்போனா கத்துவேன்."

"பதமா இருந்தா?"

"பதமா இருந்தா எதுக்குச் சொல்லணும்?" குரல் உயர்ந்தது. உயர்ந்த இடத்திலேயே உடைந்தது. "மலையில தண்ணி தானாவே கொதிக்குது, அங்கே நீ அடுப்பு ஊத வேண்டாம், இந்த வியாபாரம் முடியட்டும், அந்த வியாபாரம் முடியட்டும்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். யமன்கிட்ட என் பேரம் படியலை. அவ கேட்டதுக்கு நான் பதிலே சொல்லலை, தாயே. இனி அதை எங்கே போய்ச் சொல்றது?"

மியோரேன் சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"போய்த் தண்ணியில இறங்குங்க."

திறந்தவெளியில் கல் பாவிய குளம். ஒரு பக்கம் பலகைத் தடுப்பு. கென்சோ சீப்பைக் கரையில் வைத்தான். முறைப்படி உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கழுத்தளவு இறங்கினான். பனி தலையில் விழுந்தது. சூடு எலும்புவரை ஏறியது. இப்படியொரு தண்ணீரில் அவன் ஆயுளில் குளித்ததில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பனியில் நடந்துவந்து குந்தும் சத்தம்.

"தண்ணி பதமா இருக்கா?"

மியோரேனின் குரல். அவனுக்குச் சுருக்கென்றது.

"என்ன விளையாட்டு இது? ஊற்றுத் தண்ணிக்கு அங்கே அடுப்பா எரியுது? உள்ளே போங்க, விறைச்சிடுவீங்க."

"தண்ணி பதமா இருக்கா?"

"போங்கன்னு சொல்றேன்ல."

அவள் போகவில்லை. குளிரில் இருமினாள். இருமிக்கொண்டே மறுபடியும் அதையே கேட்டாள்.

வாய் வரை வந்த கோபம் அந்த இருமலைக் கேட்டதும் நின்றுபோயிற்று. இரண்டு கையாலும் வெந்நீரை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டான்.

"இருக்கு," என்றான். பிறகு, "நல்லா இருக்கு, ஒசேன். எப்பவுமே நல்லாத்தான் இருந்தது."

ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கரையில் சீப்பின் பற்களுக்கிடையே பனி நிறைந்திருந்தது.

"அவளுக்குக் கேட்டிருக்குமா, தாயே?"

"கேட்டிருக்காது."

மியோரேன் எழுந்து பனியை உதறிக்கொண்டாள்.

"இனிப்பு அளவா இருக்கான்னு ஒருத்தி கேட்டா. அவ இன்னும் சமையல்கட்டுலதான் இருக்கா."