பூட்டிய தீம்

சேலத்தில் தணிகைவேல் என்றொரு முதலாளி. இலவச வலைப்பூ மென்பொருள் ஒன்றுக்குத் தோற்றம் தரும் தீம்களைக் காசுக்கு விற்றுவந்தார். அந்த மென்பொருளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் வாங்கியவர்கள் தன் தீம்களைப் பிறருக்குக் கொடுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

நிரல் எழுதும் செவ்வந்தியைக் கூப்பிட்டார். "நாளைக்குப் புது தீம் வெளியீடு. எவனும் நகல் எடுக்காதபடி பூட்டிடு. இல்லேன்னா வேலைக்கு வராதே."

"நம்ம தீமுக்குள்ள இருக்கிறதுல பெரும்பாலும் ஊரார் எழுதிப் பொதுவா விட்டது. அதைப் பூட்ட நமக்கு உரிமை இல்லையே சார்?"

"அப்போ அதையெல்லாம் தூக்கி எறி. நான் சொந்தமாச் சேர்த்தது மட்டும் இருக்கட்டும்!"

"சரிங்க சார்."

மறுநாள் வாடிக்கையாளர்கள் நிறைந்த அரங்கில் திரை ஒளிர்ந்தது. வெறும் வெள்ளைப் பக்கம். மூலையில், சால்வை போர்த்திய தணிகைவேலின் படம்.

"மீதியெல்லாம் எங்கேம்மா?" என்றார் முதலாளி.

"அதெல்லாம் ஊராரும், உங்ககிட்ட வேலை பார்க்கிற நாங்களும் எழுதினது சார், தூக்கிட்டேன். நீங்க சேர்த்தது இது ஒண்ணுதான். பூட்டியாச்சு."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "பூட்டு எதுக்கும்மா? சும்மா கொடுத்தாலும் இதை யார் எடுக்கப் போறா?"

அரங்கம் சிரித்து ஓய்வதற்குள் முதலாளியே மைக்கில் சொன்னார்: "பூட்டைத் திறந்துடும்மா."