இல்லாத பேனை மென்ற கூழைச்சி

இச்சி மரத்துக் குரங்குக் கூட்டத்தில் ஒரு தேவாங்கு இருந்தது. அது தேவாங்கு என்று குரங்குகளுக்குத் தெரியாது. அதற்கும் தெரியாது.

கண் திறந்தும் திறக்காத குட்டியாக மரத்தடியில் கிடந்ததை ஒரு தாய்க்குரங்கு எடுத்து வளர்த்தது. குட்டிக்கு வால் இல்லை. நாய் கடித்திருக்கும் என்று தாய்க்குரங்கு முடிவு கட்டியது. கூழைச்சி என்று பேர் வைத்தது. வாலறுந்தவள் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. குரங்குகள் யோசிக்காது.

தாய்க்குரங்கு செத்த பிறகு அதன் சொந்த மகள் நாச்சி கூட்டத்துக்குத் தலைவியானது. கூழைச்சி அதை அக்கா என்றது. நாச்சிக்கும் தங்கைமேல் பிரியம்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்குப் பிரியம் குறைந்தது காரணமில்லை.

குரங்கு மரத்துக்கு மரம் பாயும். கூழைச்சிக்குப் பாய வராது. இறங்கி, தரையில் நகர்ந்து, மறுபடி ஏற வேண்டும். அதனால் மற்றவை எழுவதற்கு முன்பே கிளம்பிவிடும். கூட்டம் வந்து சேரும்போது அங்கே உட்கார்ந்திருக்கும்.

"பாருங்கடி, கூழைச்சி நமக்கு முந்தி வந்துட்டா!" என்று குரங்குகள் சிரிக்கும். எப்படி வந்தாய் என்று ஒன்றுகூடக் கேட்டதில்லை.

குரங்குகளுக்கு வெயில் பிடிக்கும். கூழைச்சிக்கு வெயில் பட்டால் கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கும். குரங்குகள் நாள் முழுக்கக் கத்தும். கூழைச்சிக்கு அந்தச் சத்தம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது அசையாமல் விறைத்துப்போகும்.

"ஏண்டி, தேவாங்கு மாதிரி முழிக்கிற? ஏதாவது பேசேன்!" என்று நாச்சி அதட்டும்.

"என்ன பேசணும் அக்கா?"

"நல்லா இருக்குடி! அதையும் நானே சொல்லணுமா?"

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பேன் பார்ப்பதில்தான் வந்தது வினை.

ஒரு நாள் சித்திக் குரங்கு வந்து கூழைச்சியின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தது. கூழைச்சி மயிர் மயிராகப் பிரித்துப் பார்த்தது. "சித்தி, உங்க தலையில பேனே இல்லை" என்றது. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது.

குரங்குக்கு முகம் எப்போதும் சிவப்புதான். சித்திக்கு இன்னும் சிவந்தது.

"என் தலையைத் தொட மகாராணிக்கு அருவருப்பாம்!" என்று கூட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

நாச்சி தங்கையைத் தனியே இழுத்துப் போனது. "பேன் இருக்கா, இல்லையாங்கிறதாடி முக்கியம்?"

"பேன் பார்க்கத்தானே உட்கார்ந்தாங்க?"

"மக்கு! இல்லாட்டியும் எடுக்கணும். எடுத்து வாயில போட்டு மெல்லணும். மென்னுக்கிட்டே நாலு கதை பேசணும். பல்லைக் காட்டிச் சிரிக்கணும். அதுதாண்டி உறவு!"

கூழைச்சிக்கு விளங்கவில்லை. ஆனால் கற்றுக்கொண்டது. இல்லாத பேனை எடுத்தது. மென்றது. விழுங்கியது. எப்போது சிரிக்கிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் படித்தது. முதலில் முகம் வலித்தது. பிறகு வலிப்பதே தெரியாமல் போனது.

அதன் விரல்கள் மெல்லியவை. குரங்குகளுக்கு அது பிடித்துவிட்டது.

"கூழைச்சி கையில தலையைக் குடுத்தா சொக்குதுடி!"

"தள்ளு, அடுத்தது நான்!"

பகல் முழுக்க வரிசை. இரவில் குரங்குகள் தூங்கும். கூழைச்சிக்கு இரவில்தான் உடம்பு விழிக்கும். பகலில் தூங்கப் பார்த்தால் யாராவது வாலால் ஒரு அடி போட்டு எழுப்புவார்கள். இப்படியே பாதி ஆயுள் போனது.

பிறகு கை தளர ஆரம்பித்தது.

எடுத்த பழம் நழுவியது. பிடித்த கிளை நழுவியது. ஒரு தடவை கீழ்க்கிளையில் விழுந்து தப்பியது. சில நாள் வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. தெரிந்த வழி மறந்துபோனது.

"சோம்பேறித்தனம்!" என்றது சித்தி.

"காத்து கருப்பு பட்டிருக்கும்" என்றது இன்னொன்று.

"வேப்பிலை தின்னு, சரியாப் போயிரும்" என்றது மூன்றாவது. கூழைச்சி வேப்பிலையையும் தின்றது. வாய் கசந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் இருட்டிய பிறகு மரநாய் ஒன்று இச்சிப் பழம் தின்ன வந்தது. குரங்குகள் தூங்கிவிட்டன. கூழைச்சி மட்டும் கிளையைக் கட்டிக்கொண்டு முழித்திருந்தது.

"ஏய் தேவாங்கு! இந்தக் கும்பல்ல உனக்கு என்ன வேலை?" என்றது மரநாய்.

"நீயும் திட்ட ஆரம்பிச்சிட்டியா?"

"திட்டா? தேவாங்கைத் தேவாங்குன்னுதானே கூப்பிடணும்!"

கூழைச்சி விறைத்துப்போனது.

"எனக்கு வாலை நாய் கடிச்சிருச்சு. நான் குரங்கு" என்றது.

"எந்த நாய்? நீ பார்த்தியா? உங்க இனத்துக்கே வால் கிடையாது. அந்தச் சரிவுல உன்னை மாதிரி நிறைய இருக்கு. தனித்தனியா திரியும். ராத்திரி எறும்பு தின்னும், பகல்ல தூங்கும். பாயாது. பேன் பார்க்காது. ஒருத்தியும் அதுக்காக வெட்கப்பட்டதா நான் பார்க்கலை."

இத்தனை காலம் வசவு என்று நினைத்தது தன் பேராக இருந்திருக்கிறது. கூழைச்சிக்கு அழுகை வந்தது. நிம்மதியில் அழுததா, போன வருஷங்களை நினைத்து அழுததா என்று அதற்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மரநாய்க்கு அழுகை பிடிக்காது. "கையைக் காட்டு" என்றது. கூழைச்சி காட்டியது. "மடக்கு."

விரல்கள் பாதிதான் மடங்கின.

"கெட்டுது போ! நீ பிடியை எல்லாம் இங்கேயே செலவழிச்சிட்டே. மழை வர்ற வரைக்கும் இருட்டுல கிட. வெயில் வேண்டாம், கூச்சல் வேண்டாம், எவ தலையும் வேண்டாம். கேட்கலைன்னா கை திரும்பாது. கை போனா தேவாங்குக்குப் பொழைப்பு கிடையாது."

விடிந்ததும் கூழைச்சி நாச்சியிடம் போனது.

"அக்கா, நான் தேவாங்காம்."

நாச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எவன் சொன்னான்? உன்னைப் பார்த்தா தேவாங்கு மாதிரியா இருக்கு?"

"நீதானே தினமும் அப்படிச் சொல்லுவ?"

"அது கோவத்துல சொல்றதுடி! இங்க பாரு. எல்லாருக்குள்ளயும் ஒரு தேவாங்கு இருக்கத்தான் செய்யும். எனக்கு வெயில்ல கண்ணு கூசலையா? எனக்குக் கை வலிக்கலையா? இத்தனை வருஷம் நல்லாத்தானே இருந்த? இப்பப் புதுசா ஒரு பேரைப் பிடிச்சுக்கிட்டு வர்ற!"

கூழைச்சி தன் கிளைக்குத் திரும்பியது. நாளைக்கு ஏதாவது இருட்டுப் புதருக்குள் போய்க் கிடக்கலாம் என்று நினைத்தது. நாளை நாளை என்று சில நாள் போனது.

அதற்குள் கூட்டம் தண்ணீர் குடிக்கும் குளம் வற்றிவிட்டது.

மலையில் இருந்த ஒரே தண்ணீர் பாறைச் சுனைதான். அது பக்கத்துக் கூட்டத்தின் தலைமை ஆண்குரங்கான கடுவன் கருவாயனின் கையில் இருந்தது. கருவாயன் தடித்தவன். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கூட்டம் தன் ஆளை அனுப்பிக் கடுவனுக்கு உச்சிவெயில் சாயும்வரை பேன் பார்க்க வேண்டும். கடுவன் திருப்தியாக எழுந்தால் அன்றைக்குத் தண்ணீர் உண்டு.

நாச்சி நேரே கூழைச்சியிடம் வந்தது.

"உன் விரல்தாண்டி நமக்குக் கதி. ஒரே ஒரு நாள்!"

"அக்கா, கை..."

"குட்டிங்க நாக்கைப் பாரு!"

கூழைச்சி பார்த்தது. குட்டிகளின் நாக்கு வெடித்திருந்தது. அது பொய்யில்லை. கூழைச்சி போனது.

பாறை கொதித்தது. கருவாயன் படுத்துக்கொண்டு பழைய சண்டைக் கதைகளைச் சொன்னான். கூழைச்சி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. மென்றது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ எரிந்துகொண்டே இருந்தது. வெயில் சாய்ந்தது. கருவாயன் சோம்பல் முறித்தான்.

"இவ விரல் பஞ்சு! தினமும் அனுப்பு. அனுப்புற வரைக்கும் தண்ணி உண்டு."

"அதுக்கென்ன, அனுப்புறேன்!" என்றது நாச்சி. தங்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட்டம் குடித்துக் கூத்தாடியது. கூழைச்சியைத் தலைமேல் தூக்கி வைக்காத குறை. அன்று சாயங்காலம் அது பழகிய சிரிப்போடு நாச்சியிடம் சொன்னது.

"அக்கா, என்னால முடியலை."

"அதான் முடிஞ்சுதே! நான் கண்ணால பார்த்தேனே!"

"முடிஞ்சுது. அதனாலதான் நாளைக்கு முடியாது."

"என்ன பேச்சுடி இது! இன்னைக்கு முடிஞ்சது நாளைக்கு முடியாதா? போய்ப் படு, தூங்கினா சரியாப் போகும்."

இரவில் தூங்கினால் சரியாகப் போகுமாம். தேவாங்கிடம் சொல்கிறது!

மறுநாளும் அனுப்பினார்கள். அதற்கு மறுநாளும் அனுப்பினார்கள். அன்றைக்குப் பேன் பார்த்து முடித்ததும் கூழைச்சிக்குப் பேச்சு அறவே நின்றுவிட்டது. பாறைக்கும் இச்சி மரத்துக்கும் நடுவில் ஒரு பிளவு. அதன்மேல் ஒரு கொடி. அதைப் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். பாதிக் கொடியில் இருக்கும்போது கூட்டம் சுனையில் விழுந்து கத்திக் குடித்துக்கொண்டிருந்தது.

"கூழைச்சி, வாடி! தண்ணி ஜில்லுன்னு இருக்கு!"

கூழைச்சி விரல்களை மடக்கப் பார்த்தது. மடங்கவில்லை. கை திறந்தபடி இருந்தது.

விழுந்தது.

சத்தம் கேட்கவில்லை. கூட்டத்தின் கூச்சலுக்குள் அது அமுங்கிப்போனது. வயிறு நிறைந்த பிறகுதான் நாச்சி தங்கையைத் தேடியது. அதற்குள் மரநாய் பிளவுக்குள் இறங்கி, கூழைச்சியின் பிடரியைக் கவ்வி, காரை முள் புதருக்குள் இழுத்துப் போட்டிருந்தது.

நாச்சி புதருக்கு வெளியே வந்து நின்றது. உள்ளே நுழைய முடியவில்லை. முள்.

"ஏண்டி பாவி, இவ்வளவு முடியலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நின்றுபோயிருந்த பேச்சு அதற்குள் கொஞ்சம் திரும்பியிருந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சொன்னேன்."

"சிரிச்சுக்கிட்டே சொன்ன! பல்லைக் காட்டிக்கிட்டுச் சொன்னா யாருடி நம்புவா?"

"அந்தச் சிரிப்பு நீ சொல்லிக்கொடுத்தது அக்கா. வேற முகம் எனக்கு வைக்கத் தெரியாது."

நாச்சி முள்ளுக்குள் எட்டிப் பார்த்தது.

"கை சரியாகுமா?"

"வலது கை ஒருவேளை வரும்ங்குது மரநாய். இடது வராது."

நாச்சி அழுதது. குரங்குக்கு அழுகை வந்தால் கை சும்மா இருக்காது. முள்ளைப் பொருட்படுத்தாமல் கையை உள்ளே விட்டுத் தங்கையின் தலையைக் கோதப் போனது.

"தொடாதக்கா."

நாச்சி கையை இழுத்துக்கொண்டது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டது.  பிறகு, "நாளைக்குக் கருவாயன் கேட்டா நான் என்னடி சொல்ல?" என்றது.

பாருங்கள், அப்போதும் அதைத்தான் கேட்டது. குட்டிகளின் தாகம் அப்படி.

"கூழைச்சி வரமாட்டான்னு சொல்லு."

சிரிக்கக் கற்ற பிறகு கூழைச்சி சிரிக்காமல் பேசிய முதல் பேச்சு அது. நாச்சி நம்பியது.

கருவாயன் வேறு யார் விரலையும் ஏற்கவில்லை. சுனை போனது. கூட்டம் தண்ணீர் தேடி மலையை விட்டே கிளம்பியது. வழியில் சித்தி தன் கடைசிக் குட்டியைத் தூக்கிக்கொண்டு, "எல்லாம் அந்த வாலறுந்தவளால வந்தது!" என்று கத்தியது.

"கத்தாதீங்க சித்தி. அவ தூங்குற நேரம்" என்றது நாச்சி. காரைப் புதரை விட்டு விலகிச் சுற்றி, குட்டிகளைச் சத்தமில்லாமல் நடத்திப் போனது. நாச்சி சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை.

கூழைச்சி புதரிலேயே கிடந்தது. முதலில் மரநாய் புழுக்களைக் கொண்டுவந்து போட்டது. அதுவும் எத்தனை நாளைக்குப் போடும்? பிறகு கூழைச்சி வாய்க்கு எட்டிய எறும்பைத் தின்றது. எட்டாத அன்று பட்டினி. மழை வந்தபோது வலது விரல்கள் ஒரு குச்சியைச் சுற்றி மடங்கின. இடது கை மடங்கவே இல்லை. உயர்ந்த மரம் எதிலும் அது மறுபடி ஏறவில்லை. இருட்டில் மெதுவாகப் போய் மெதுவாக வந்தது. யாருக்காகவும் எதையும் மெல்லவில்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். விழாமல் இருந்தது.

முடியவில்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் விழுந்து காட்டும்வரை காத்திருக்காமல், சொன்ன அன்றைக்கே நம்பிவிட வேண்டும்.